ஊர் திரும்பிய நால்வர்

காவியங்களில் ஊர் திரும்புகிறவன் எப்போதும் ஆண்பிள்ளைதான். இராமன் பதினான்கு ஆண்டு வனவாசம் முடித்து அயோத்திக்குத் திரும்புகிறான். கிரேக்க மகாகவி ஹோமரின் ஒடீஸியஸ், யுத்தத்தில் பத்து ஆண்டும் கடலில் பத்து ஆண்டும் கழித்துவிட்டுத் தன் இதாகா தீவில் கரையேறுகிறான். சீதையும்கூடத்தான் திரும்பினாள். ஆனால் அவள் திரும்பியது புருஷனுடைய ஊருக்கு. பிறந்து வளர்ந்த மிதிலைக்கு அவள் ஒரு முறையாவது போய் வந்ததாக வால்மீகியும் பாடவில்லை, கம்பரும் பாடவில்லை.

நம் பேச்சு வழக்கையே பாருங்கள். பெண் பிறந்து வளர்ந்த இடத்துக்குப் 'பிறந்தகம்' என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்தச் சொல்லில் எவ்வளவு பாசம் இருக்கிறதோ அவ்வளவு விலகலும் இருக்கிறது. பொங்கலுக்கு வரலாம், தலைப்பிரசவத்துக்கு வரலாம், தம்பி கல்யாணத்துக்கு வரலாம். பெட்டியோடு தெருவில் நுழைந்தவுடன் எதிர்வீட்டுப் பாட்டி, "எப்போது வந்தாய்?" என்று கேட்பாள். அதே மூச்சில் "எப்போது போகிறாய்?" என்றும் கேட்பாள். அவள் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. பெண் என்றால் போகிறவள் என்பது ஊருக்கு அவ்வளவு உறுதியாகத் தெரியும்.

கல்யாணத்தினால் அல்லாமல், படிக்கவும் உத்தியோகம் பார்க்கவும் எழுதவும் வேண்டிப் பெண்கள் தாமாகவே சிற்றூரை விட்டுக் கிளம்பத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அதனால் ஒரு புதிய கேள்வியும் பிறந்தது. இப்படிப் போனவள் திரும்பி வந்தால் ஊர் அவளை எப்படி ஏற்றுக்கொள்ளும்? அவள்தான் ஊரை எப்படி ஏற்றுக்கொள்வாள்? கதை எழுதுகிறவர்களுக்கு இது மிகவும் பிடித்த கேள்வி. ஆனால் சரித்திரமே இதற்கு நாலு விதமாகப் பதில் சொல்லி வைத்திருக்கிறது. நால்வரும் எழுத்தாளர்கள். ஒருவர் ஸ்வீடன் தேசத்தவர், ஒருவர் இத்தாலியைச் சேர்ந்த சார்டீனியாத் தீவினர், ஒருவர் தென் அமெரிக்காவில் சிலி நாட்டவர், ஒருவர் அமெரிக்க ஐக்கிய நாட்டின் கறுப்பினப் பெண்மணி. முதல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நாலாமவருக்குக் கல்லறையில் ஒரு பெயர்ப் பலகைகூட வெகுகாலம் கிடைக்கவில்லை.

செல்மா லாகர்லெவ் என்ற பெயர் தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. அவருடைய முதல் நாவலைத்தான் க.நா.சு. 'மதகுரு' என்ற பெயரில் தமிழில் தந்தார். செல்மா 1858-ம் ஆண்டு நவம்பர் 20-ம் தேதி ஸ்வீடனின் வெர்ம்லாந்துப் பகுதியில் மோர்பாக்கா என்ற பண்ணை வீட்டில் பிறந்தார். அரண்மனை ஒன்றுமில்லை, தாழ்வான சிவப்பு மரவீடு, சுற்றிலும் நிலம், கொஞ்சம் பழம்பெருமை, அவ்வளவுதான். அப்பா ராணுவத்தில் லெப்டினென்டாக இருந்தவர். பாட்டும் விருந்தும் பிரியமானவர். அப்பாவைப் பெற்ற பாட்டி சோபாவில் உட்கார்ந்தபடி காலை முதல் மாலை வரை குழந்தைகளுக்குக் கதை சொல்லுவாள். செல்மாவுக்கு இடுப்பில் ஊனம். மூன்று வயதில் கொஞ்ச காலம் நடக்கவே முடியாமல் போயிற்று. மற்றக் குழந்தைகள் ஓடியாடிய நேரத்தில் இந்தக் குழந்தை கதை கேட்டுக்கொண்டிருந்தது. ஐந்து வயதில் பாட்டி இறந்தபோது, வீட்டிலிருந்து ஏதோ ஒரு பெரிய உலகத்தின் கதவையே சாத்திவிட்டாற்போல இருந்தது என்று பின்னாளில் எழுதினார்.

குடும்பத்தின் நிலைமை வரவரச் சீர்கெட்டது. அப்பாவின் உடம்பும் கெட்டது, பண்ணையின் வரவு செலவும் கெட்டது. கால் ஊனமான பெண், சீதனம் கொடுக்க வழியில்லாத வீடு. அந்தக் காலத்து ஸ்வீடனில் இப்படிப்பட்ட பெண்ணுக்கு இருந்த வழி ஒன்றே ஒன்று, உபாத்தியாயினி ஆவது. கடன் வாங்கிக்கொண்டு ஸ்டாக்ஹோமுக்குப் படிக்கப் போனார். அங்கேதான் அந்த விந்தை நிகழ்ந்தது. ஒருநாள் வகுப்பு முடிந்து புத்தகங்களைச் சுமந்துகொண்டு தெருவில் நடக்கையில், சட்டென்று ஒரு நினைப்பு வந்ததாம்: வகுப்பில் படிக்கிற கவிகளின் பாத்திரங்களுக்கு எங்கள் வெர்ம்லாந்து மனிதர்கள் எந்த விதத்தில் குறைந்தவர்கள்? ஊரில் இருந்த இருபது வருஷத்தில் தோன்றாத எண்ணம் ஊரை விட்டு வந்த பிறகு தெருவோரத்தில் தோன்றியது. ஊரை விட்டுப் போகிறவர்களுக்கு ஊர் தருகிற முதல் வெகுமதி இதுதான் போலும்.

1885-ல் அப்பா காலமானார். அதே ஆண்டு செல்மா தெற்கே லான்ட்ஸ்க்ரோனா என்ற ஊரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை ஆனார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் மோர்பாக்கா கடனில் மூழ்கி அந்நியர் கைக்குப் போயிற்று. 1890-ல் 'இடூன்' என்ற பெண்கள் பத்திரிகை நடத்திய போட்டிக்கு ஐந்து அத்தியாயங்களை அனுப்பினார், பரிசு கிடைத்தது. மறு ஆண்டு நாவல் முழுவதும் வெளிவந்தது. வீடு கையை விட்டுப் போன அந்த வேளையில் வீட்டில் கேட்ட கதைகள் அச்சில் வந்தன. ஒன்றை இழந்த துக்கந்தான் மற்றொன்றை எழுத வைத்தது என்று நான் சொன்னால் ரொம்பவும் எளிதாகச் சொல்லிவிட்டதாக ஆகும். ஆனால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று யார் சொல்ல முடியும்?

வருஷங்கள் ஓடின. ஸ்வீடன் ஆசிரியர் சங்கத்தார் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பூகோள வாசகம் எழுதித் தரும்படி அவரைக் கேட்டார்கள். நில்ஸ் என்ற துஷ்டப் பையன் கட்டைவிரல் அளவுக் குள்ளனாகி, வாத்தின் முதுகில் ஏறித் தேசம் முழுவதையும் சுற்றிப் பார்க்கும் கதையை அவர் எழுதினார். 1906-லும் 1907-லும் இரண்டு பாகங்களாக அது வெளிவந்தது. அதில் ஒரு அத்தியாயம் விசித்திரமானது. பாடப் புத்தகம் எழுத வழி தெரியாமல் தவிக்கும் ஒரு பெண், வெகுநாள் கழித்துத் தன் பழைய வீட்டைப் பார்க்க வருகிறாள். மாலை மயங்கும் நேரம். தோட்டத்தில் ஒரு குரல் அலறுகிறது. ஆந்தையின் பிடியில் ஒரு குட்டிப் பையன்! அவனை விடுவிக்கிறாள். அவன் தான் கண்டதையெல்லாம் சொல்லுகிறான். அவளுக்குப் புத்தகம் கிடைத்துவிடுகிறது. பூகோளப் பாடத்துக்கு நடுவில் கதாசிரியை தானே வந்து நின்று, என் எழுத்தெல்லாம் எனக்கு இந்த வீட்டுத் தோட்டத்தில்தான் கிடைத்தது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போகிறார்.

அந்தப் புத்தகம் முடிந்த 1907-ம் ஆண்டிலேயே மோர்பாக்கா வீட்டை விலைக்கு வாங்கினார். 1909-ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு வந்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான். பரிசுப் பணத்தைக் கொண்டு 1910-ல் சுற்றியுள்ள நிலத்தையும் மீட்டார்.

பரிசளிப்பு விருந்தில் அவர் செய்த பிரசங்கம் வெகு அழகானது. நன்றி சொல்ல எழுந்தவர் ஒரு கதை சொன்னார். ஸ்டாக்ஹோமுக்கு ரயிலில் வரும்போது, செத்துப்போன அப்பாவைச் சொர்க்கத்தில் சந்திப்பதாகக் கற்பனை செய்தாராம். அப்பா அங்கேயும் தாழ்வாரத்தில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறார். "அப்பா, நான் பெரிய கடனில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்" என்கிறாள் மகள். பணக் கடனாக்கும் என்று அப்பா பயப்படுகிறார். மகள் கடன்களை வரிசையாக அடுக்குகிறாள். கதை சொன்ன கிழவர்கள், கிழவிகள், ஊர் ஊராகத் திரிந்த பழங்காலத்துப் பிரபுக்கள், முன்னால் எழுதியவர்கள், படித்தவர்கள், இவர்களுக்கெல்லாம் பட்ட கடனை எப்படித் தீர்ப்பது? கடன் என்ற வார்த்தை அந்த வீட்டில் எத்தனை இரவுகளின் உறக்கத்தைக் கெடுத்த வார்த்தை என்பதை நினைத்துக்கொண்டு இந்தப் பிரசங்கத்தைப் படிக்க வேண்டும். அப்பாவின் கடனில் போன வீட்டை மீட்டுவிட்ட பெண், என் கடன் இன்னும் தீரவில்லை என்கிறாள்.

இனி ஊருக்கு வருவோம். திரும்பி வந்தவர் விருந்தாளியாக வரவில்லை. பண்ணையை நடத்தினார், ஓட்ஸ் மாவு தயாரித்து விற்றார், அண்டை அயலார் தங்கள் கஷ்டங்களோடு வாசலில் வந்து நின்றார்கள். 1911-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த சர்வதேசப் பெண்கள் வாக்குரிமை மாநாட்டில் பேசும்போது, வீடு என்பது பெண் படைத்தது, அரசு என்பது ஆண் படைத்தது, பெண்ணின் கை சேராமல் அரசு ஒருநாளும் நல்ல வீடாகாது என்ற கருத்தை எடுத்துச் சொன்னார். வீட்டை இழந்து, சம்பாதித்து, மீட்டவரின் வாயில் அந்த வாதத்துக்குத் தனி அழுத்தம் இருந்தது. ஸ்வீடிஷ் அகாடமி 1914-ல் அவரை அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது. அங்கேயும் முதல் பெண் அவரே.

ஆனால் மீட்ட வீடு பழைய வீடுதானா? 1921-லிருந்து 1923 வரை ஒரு பெரிய சிற்பியை அமர்த்தி மோர்பாக்காவை மாற்றிக் கட்டினார். தாழ்வான சிவப்பு வீடு இருந்த இடத்தில் தூண்களோடு கூடிய மாடி வீடு எழுந்தது. அப்பா பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார். அடையாளம் கண்டுகொண்டிருப்பாரா என்பது சந்தேகந்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். 'மோர்பாக்கா' என்ற அவருடைய பால்ய நினைவுப் புத்தகம் வெளிவந்தது 1922-ல். பழைய வீட்டைத் தச்சர்களும் கொத்தர்களும் மாற்றிக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே பழைய வீட்டை அவர் காகிதத்தில் அறை அறையாகக் கட்டிக்கொண்டிருந்தார். எந்த வீட்டுக்கு அவர் திரும்பி வந்தார் என்று கேட்டால், இரண்டாவதைத்தான் நான் சொல்லுவேன். 1940-ம் ஆண்டு மார்ச் 16-ம் தேதி மோர்பாக்காவிலேயே உயிர் நீத்தார். அவர் இறந்தபோது வீடு எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்பது அவருடைய உயில். 1942-ல் பொது ஜனங்கள் பார்ப்பதற்காகக் கதவைத் திறந்தார்கள்.

செல்மா திரும்பி வந்த கதை பாக்கியவதியின் கதை. எல்லாருக்கும் அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

கிராத்ஸியா டெலடாவைத் தமிழர்களுக்குக் காட்டிக் கொடுத்தவர் தி. ஜானகிராமன், டெலடாவின் நாவல் ஒன்றை 'அன்னை' என்று அவர் மொழிபெயர்த்தார். டெலடா பிறந்தது 1871-ல், சார்டீனியாத் தீவின் நடுவே மலைப் பிரதேசத்தில் உள்ள நுவோரோ என்ற ஊரில். பெண்ணுக்கு ஆரம்பப் பள்ளி நாலு வகுப்புப் போதும் என்று வைத்திருந்த ஊர். பதினேழு வயதில் டெலடாவின் கதை ரோமாபுரிப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தபோது ஊரார் முகம் சுளித்தார்கள். ஒரு குடும்பத்துப் பெண் காதலைப் பற்றி எழுதுவதா? அதிலும் நம்மைப் பற்றியா எழுதுவது? கதை எழுதும் பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள்? இந்தக் கேள்விகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு தேவையில்லை. நம் அக்கிரகாரங்களிலும் தெருக்களிலும் மூலபாடமாகவே கேட்டவைதான்.

1900-ம் ஆண்டு ஜனவரியில், அரசாங்க உத்தியோகஸ்தர் ஒருவரை மணந்துகொண்டு ரோமுக்குக் குடி போனார். முப்பத்தாறு வருஷ வாழ்க்கை ரோமில். ஆனால் எழுதிய நாவல்களில் பெரும்பாலானவை சார்டீனியாவைப் பற்றியவை. ஆட்டு மந்தைகள், பழிக்குப் பழி வாங்கும் குடும்பங்கள், பாவத்துக்கு அஞ்சும் பாதிரிகள் என்று அந்த மலை நாட்டையே எழுதினார். உடம்பு ரோமில் இருந்தது; பேனா நுவோரோவை விட்டு நகரவில்லை. 1926-ம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1936 ஆகஸ்டில் மார்பகப் புற்றுநோயால் காலமானார். அவர் மேஜையில் ஒரு கையெழுத்துப் பிரதி இருந்தது. பின்னர் 'கோஸிமா' என்ற பெயரில் பிரசுரமாயிற்று. பேர்தான் வேறு, அதில் வரும் சிறுமி டெலடாவேதான். கதைகளைத் தபாலில் அனுப்பக் காசில்லாமல், வீட்டு எண்ணெயைத் திருட்டுத்தனமாக விற்றுத் தபால் செலவுக்குச் சேர்க்கும் பெண் அவள். சாகும் தறுவாயில் ரோமில் உட்கார்ந்துகொண்டு நுவோரோ வீட்டின் எண்ணெய்க் குடத்தை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்!

ஊர் அவரை அழைத்துக்கொண்டது 1959-ல். ரோமிலிருந்து அவருடைய எலும்புகளைக் கொண்டுவந்து, நுவோரோவில் ஓர்த்தோபேனே மலையடிவாரத்தில் உள்ள சிறு மாதா கோயிலில் அடக்கம் செய்தார்கள். 'ஏகாந்தக் கோயில்' என்று பொருள்படும் பெயர் அதற்கு. அவர் வாழ்நாளில் பிரசுரமான கடைசி நாவலின் பெயரும் அதுவே. முகம் சுளித்த தலைமுறை அதற்குள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிட்டது. உயிரோடு வந்தால் வம்பு பேசுகிற ஊர், எலும்பாக வந்தால் ஊர்வலம் வைக்கிறது. இது சார்டீனியாவுக்கு மட்டும் உரிய வழக்கமல்ல.

சிலி நாட்டின் கப்ரியேலா மிஸ்ட்ரால் விஷயம் இதைவிடச் சிக்கலானது. லூஸிலா என்பது அவருடைய இயற்பெயர். 1889-ல், வறண்ட மலைகளுக்கு நடுவே எல்கி நதிப் பள்ளத்தாக்கில், விக்குஞா என்ற சிற்றூரில் பிறந்தார். மூன்று வயதில் தகப்பனார் குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். மூத்த சகோதரி ஆசிரியையாக இருந்த மோந்தெகிராந்தே கிராமத்துப் பள்ளிக்கூட வீட்டில் குழந்தைப் பருவம் கழிந்தது. பிறகு விக்குஞாப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே காகிதங்களைப் பிள்ளைகளுக்குப் பங்கிடும் வேலை இந்தப் பெண்ணுடையது. கூச்ச சுபாவம், கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். காகிதம் குறைந்தபோது தலைமை ஆசிரியை இவளைத் திருடி என்றாள். பள்ளி விட்டு வெளியே வந்தவளை மற்றப் பெண்கள் கல்லால் அடித்தார்கள். கற்பனைக் கதையில் எழுதினால் மிகை என்று ஒதுக்கிவிடுவோம். பின்னால் பள்ளி ஆசிரியையாகப் பயிற்சி பெற லா செரேனா நகரில் விண்ணப்பித்தபோது, பத்திரிகைகளில் எழுதிய எழுத்துக்காகவே அந்தக் கதவும் சாத்தப்பட்டது.

பயிற்சிப் பள்ளியில் சேராமலே ஆசிரியை ஆனார். 1922-ல் மெக்ஸிகோ அரசாங்கம் கல்விச் சீர்திருத்தத்துக்கு அழைக்க, நாட்டை விட்டுக் கிளம்பியவர் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பிற தேசங்களிலேயே கழித்தார். 1945-ல் நோபல் பரிசு வந்தது. லத்தீன் அமெரிக்காவுக்கு இலக்கியத்தில் கிடைத்த முதல் நோபல் பரிசு அது. சொந்த நாட்டின் தேசிய இலக்கியப் பரிசு அதற்குப் பிறகு, 1951-ல்தான் வந்தது! 1954-ல் கடைசி முறையாகச் சிலிக்கு வந்தபோது வரவேற்பு தடபுடலாக இருந்தது. திருடி என்ற பெண்ணுக்குத் திருவிழா. வந்தவர் தங்கவில்லை, திரும்பிப் போய்விட்டார். 1957 ஜனவரியில் நியூயார்க்கில் காலமானார்.

அவர் எழுதி வைத்த உயிலைப் பார்க்க வேண்டும். என் உடல் மோந்தெகிராந்தேயில் அடங்க வேண்டும், தென் அமெரிக்காவில் என் புத்தகங்களால் வரும் வருமானம் மோந்தெகிராந்தேக் குழந்தைகளுக்குச் சேர வேண்டும் என்று எழுதியிருந்தார். பிறந்த ஊர் விக்குஞா. கல்லெறிந்த ஊரும் விக்குஞா. அவர் சொந்த ஊராகத் தேர்ந்தெடுத்தது மோந்தெகிராந்தேயை. சொந்த ஊர் என்பது பிறந்த இடமா, அன்பாக நடத்திய இடமா என்ற வழக்குக்கு ஒரு பெண் எழுதிய தீர்ப்பாக இந்த உயிலைக் கொள்ளலாம். 1960-ல் அவருடைய உடல் அங்கே கொண்டு செல்லப்பட்டது. 1967-ல் வெளிவந்த அவருடைய நீண்ட கவிதை நூல் ஒன்றில், இறந்துபோன பெண்ணொருத்தி ஆவியாகத் திரும்பி, ஒரு சிறுவனையும் ஒரு மானையும் கூட்டிக்கொண்டு சிலி நாட்டைக் கால்நடையாகச் சுற்றி வருகிறாள். உயிரோடு தங்க முடியாத ஊருக்கு ஆவியாக வருவதென்று முன்பே தீர்மானித்திருந்தார் போலும்.

இதுவரை பார்த்த மூவரும் ஊருக்கு எதையோ கொண்டுவந்தவர்கள்: பணத்தை, புகழை, தம் எலும்பை. நாலாமவர் ஊரிடம் கேட்பதற்காக வந்தார். அதனாலேயே அவருடைய கதை எனக்கு மற்றெல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுகிறது.

அமெரிக்காவில் ஃபுளோரிடா மாகாணத்தில் ஈட்டன்வில் என்று ஒரு சின்னஞ்சிறு ஊர். அடிமைத்தளை அறுந்த பின் கறுப்பின மக்கள் தாங்களே ஸ்தாபித்துத் தாங்களே ஆண்ட முதல் ஊர்களில் ஒன்று அது. 1887-ல் முறைப்படி நகராட்சி ஆயிற்று. ஸோரா நீல் ஹர்ஸ்டன் 1891-ல் அலபாமாவில் பிறந்தாலும் குழந்தையிலேயே இங்கே வந்துவிட்டார். பிறந்த ஊர் என்று கடைசி வரை ஈட்டன்வில்லையே சொன்னார். தகப்பனார் பாதிரியார், ஊர் மேயராகவும் இருந்தார். ஜோ கிளார்க் என்பவருடைய மளிகைக் கடைத் திண்ணைதான் ஊரின் சபா மண்டபம். மாலையில் ஆண்கள் கூடிக் கதை அளப்பார்கள். அந்தக் கதைகளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'பொய்கள்'. கடைக்குச் சாமான் வாங்க வரும் சிறுமி ஸோரா, வேண்டுமென்றே மெள்ள நடந்து அந்தப் பொய்களைக் காதில் வாங்கிக்கொண்டு போவாள்.

1904-ல் தாயார் இறந்தார். சாகும் தறுவாயில் அவர் மகளை அழைத்து, ஊர் வழக்கப்படி என் தலையணையை உருவாதே, கடிகாரத்தையும் கண்ணாடியையும் துணியால் மூடவிடாதே என்று கேட்டுக்கொண்டாராம். ஆனால் பெரியவர்கள் கூடி வழக்கப்படியே செய்தார்கள். தடுக்கப் போன சிறுமியைத் தகப்பனார் பிடித்துக்கொண்டார். அம்மாவுக்காகப் பேச வேண்டிய வேளையில் என் குரல் எடுபடவில்லை என்ற வேதனையைச் சுயசரிதையில் அவர் பதிவு செய்திருக்கிறார். தகப்பனார் மறுமணம் செய்துகொண்டார். ஸோராவுக்கு வீடு இல்லாமல் போயிற்று. வீட்டு வேலை, எடுபிடி வேலை, நாடகக் கம்பெனியில் சேவகம். 26 வயதில் உயர்நிலைப் பள்ளியில் இலவசமாகச் சேர வேண்டி, பத்து வயதைக் குறைத்து, 1901-ல் பிறந்தேன் என்று சொன்னார். ஈட்டன்வில் கணக்குப்படி அதுவும் ஒரு பொய்தான். பின்னால் இதற்கு வருகிறேன்.

படித்துப் படித்து நியூயார்க்கின் பார்னார்ட் கல்லூரி வரை போனார். மானிட சாஸ்திர அறிஞர் பிரான்ஸ் போவாஸ் அவருக்கு ஆசான். உன் ஊர் மக்களின் கதைகளைச் சேகரித்து வா என்று 1927-ல் அனுப்பினார். உபகாரச் சம்பளம் 1400 டாலர். ஸோரா உற்சாகமாக ஊருக்கு வந்தார். வந்து, திருத்தமான கல்லூரி இங்கிலீஷில், இங்கே யாருக்காவது நாட்டுக் கதைகள், பாடல்கள் தெரியுமா என்று விசாரித்தார். தலை நிறையக் கதை வைத்திருந்தவர்கள் அனுதாபத்தோடு தலையை ஆட்டினார்கள். அடுத்த ஜில்லாவில் கேட்டுப் பாருங்கள் என்று வழியும் சொன்னார்கள். ஆறு மாதம் அலைந்து ஏறக்குறைய வெறுங்கையோடு போவாஸிடம் போய் நின்றார்.

அந்த ஆண்டு முடிவதற்குள் மறுபடி கிளம்பினார். இந்த முறை பணம் கொடுத்தவர் நியூயார்க்கின் பணக்காரச் சீமாட்டி ஒருவர். மாதம் 200 டாலர். ஒரு மோட்டார் கார். ஒரு சினிமா காமிரா. பதிலுக்கு, திரட்டுகிற கதைகளெல்லாம் சீமாட்டியின் சொத்து என்று ஒப்பந்தம். தன் ஊர்த் திண்ணைக் கதைகளைத் தானே பிரசுரிக்கத் தனக்கு உரிமையில்லை! ஆனால் ஸோரா ஒரு பாடம் கற்றிருந்தார். இப்போது கல்லூரிப் பேச்சை மூட்டை கட்டி வைத்துவிட்டு, திண்ணையில் மற்றவர்களோடு உட்கார்ந்தார். ஊர்ப் பேச்சைப் பேசினார். தாமும் நாலு பொய் சொன்னார். "இந்தப் பழங்கதைகளையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள்?" என்று அவர்கள் அதிசயித்துக்கொண்டே அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். ஒப்பந்தத்தின் தளை நீங்கிய பிறகு, 1935-ல் அந்தக் கதைகள் புத்தகமாயின. இந்த உலகம் எனக்கு உடம்போடு ஒட்டிய உள்சட்டை மாதிரி இருந்தது, வெளியே போய்ப் படித்த பிறகுதான் அதைக் கழற்றி வைத்துப் பார்க்க முடிந்தது என்ற பொருள்பட அதன் முன்னுரையில் எழுதினார். ஸ்டாக்ஹோம் தெருவில் செல்மாவுக்கு வந்த எண்ணமும் இதுதானே?

மறு வருஷம் ஹெய்டித் தீவில் இருந்தபோது ஏழே வாரத்தில் ஒரு நாவல் எழுதினார். 1937-ல் வெளியான அந்த நாவல் ஒரு பெண் ஊர் திரும்புவதில்தான் ஆரம்பமாகிறது. மாலை வேளை. ஈட்டன்வில்லில் திண்ணைகள் நிறைந்திருக்கின்றன. ஜேனி என்ற நாற்பது வயதுப் பெண், காதலித்து மணந்த கணவனைப் புதைத்துவிட்டு, வேலைக்காரர்கள் அணியும் முரட்டு உடையில், தன்னந்தனியே தெருவழியே நடந்து வருகிறாள். போகும்போது உடுத்தியிருந்த பட்டாடை எங்கே, பணம் எங்கே, கூடப் போன சின்ன வயசுக்காரன் எங்கே என்று திண்ணைகள் முணுமுணுக்கின்றன. அவள் யாருக்கும் பதில் சொல்லாமல் வீட்டுக்குப் போகிறாள். தேடி வந்த ஒரே ஒரு சிநேகிதிக்கு மட்டும் கதையைச் சொல்லுகிறாள். சிறுவயதில் ஸோரா ஒட்டுக்கேட்ட திண்ணைக் கதைகளைச் சொன்னவர்கள் ஆண்கள். நாவலில் கதை சொல்லுவது பெண். அம்மாவுக்காகப் பேச முடியாமல் போன குரல் முப்பது வருஷம் கழித்து இப்படித் திரும்பி வந்தது.

நாவலில் ஜேனிக்குக் கொடுத்த வீட்டை, வாழ்க்கை ஸோராவுக்குக் கொடுக்கவில்லை. கடைசிக் காலத்தில் கையில் காசில்லை. புத்தகங்கள் அச்சில் இல்லை. 1960 ஜனவரி 28-ம் தேதி, ஈட்டன்வில்லிலிருந்து வெகு தூரத்தில், ஃபோர்ட் பியர்ஸ் என்ற ஊரில் ஏழைகளுக்கான இல்லத்தில் உயிர் போயிற்று. பலர் போட்ட பணத்தில் அடக்கம் நடந்தது. கல் நடப் பணம் மிஞ்சவில்லை. பதின்மூன்று ஆண்டு கழித்து 1973-ல், அலிஸ் வாக்கர் என்ற இளம் எழுத்தாளர் ஈட்டன்வில்லுக்கு வந்தார். தாம் ஹர்ஸ்டனுக்கு மருமகள் முறை என்று ஊராரிடம் சொல்லிக்கொண்டு விசாரித்தார். அதுவும் பொய்! பிறகு ஃபோர்ட் பியர்ஸ் இடுகாட்டில் இடுப்பளவு களைக்குள் இறங்கித் தேடி, இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று கண்ட இடத்தில் ஒரு கல் நாட்டினார். அந்தக் கல்லில் பிறந்த ஆண்டு 1901 என்று செதுக்கியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சேருவதற்காக ஸோரா சொன்ன பொய் கல்லிலேயே நிலைத்துவிட்டது. 1990-ல் ஈட்டன்வில் ஊரார் அவர் பேரால் விழா எடுக்க ஆரம்பித்தார்கள்.

நால்வரையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது. இவர்களில் யாருக்கும் ஊரில் இடம் தானாகக் கிடைக்கவில்லை. வாங்கினார்கள், எழுதினார்கள், உயிலில் குறித்தார்கள், திண்ணையில் போய் உட்கார்ந்து பெற்றார்கள். ஆண்பிள்ளை ஊர் திரும்பும்போது விட்டுப் போன நாற்காலி அவனுக்காகக் காத்திருக்கிறது. ஒடீஸியஸுக்கு இருபது வருஷம் காத்திருக்கவில்லையா? பெண் திரும்பும்போது நாற்காலியையும் அவளே கொண்டு வர வேண்டியிருக்கிறது. அப்படியும் இவர்கள் ஊரின் மேல் பிராது எழுதி வைக்கவில்லை. ஊரைத்தான் எழுதி வைத்தார்கள். வெர்ம்லாந்தையும் நுவோரோவையும் எல்கிப் பள்ளத்தாக்கையும் ஈட்டன்வில் திண்ணையையும் உலகத்தில் இத்தனை பேருக்குத் தெரியும்படி செய்தது, அங்கிருந்து போன அந்தப் பெண்கள்தான்.

செல்மா தம் தகப்பனாரிடம் கேட்டது, நான் பட்ட கடனை எப்படித் தீர்ப்பது என்று. நியாயமான கேள்விதான். ஆனால் ஊர்களும் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் கேட்டுப் பார்க்கலாம். அடுத்த முறை நம் தெருவில் ஒரு பெண் பெட்டியோடு வந்து இறங்கினால், "எப்போது வந்தாய்?" என்பதோடு நிறுத்திக்கொண்டு, இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் இருந்தாலே பாதிக் கடன் தீர்ந்துபோகும்.